ஈரமறிந்து மாட்டுவோம்: ஜொகூர் வீட்டில் நாட்டுப்புற ஓவியங்கள்

ஜொகூரில் வீட்டுக்கு ஓவியம் வாங்க நினைப்பவர் கடைக்குப் போகும் முன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் ஒருமுறை, பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒருமுறை. கையில் சில்லென்று ஒட்டும் சுவர், அடிப்பகுதியில் சாயம் பொரிந்து மாவாக உதிரும் சுவர், அந்தப் பக்கம் குளியலறைக் குழாய் ஓடும் சுவர், இவற்றையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் எந்த ஓவியமும் நிலைக்காது. ஆண்டு முழுவதும் நம் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் நாள்கணக்கில் துணி காய்வதில்லை. துணி காயாத வீட்டில் காகிதத்துக்கும் மரப்பலகைக்கும் அதே கதிதான்.

வீட்டு அலங்காரம் பற்றிய நூல்கள் வழக்கமாக நிறப் பொருத்தத்தில் தொடங்கும். இந்த ஊருக்கு அந்த வரிசை ஒத்துவராது. சுவரைத் தெரிந்துகொள்வது, அந்தச் சுவர் தாங்கக்கூடிய ஓவிய வகையைத் தேர்வது, அதன்பிறகு நிறம் பார்ப்பது என்பதே இங்கே சரிப்படும் முறை.

தாமான் வரிசை வீடுகளுக்கு இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. 20 அடி அகலம், 70 அடி நீளம் என்று கட்டப்படும் நடு வீட்டில் இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு பொதுவானவை. அவற்றில் மழை அடிப்பதில்லை, வெயில் படுவதில்லை. வரவேற்பறையின் நீளச் சுவரும் மாடிப்படியை ஒட்டிய சுவரும்தான் வீட்டிலேயே உலர்ந்த இடங்கள். இருட்டாக இருக்கிறது என்று பலர் படிக்கட்டுச் சுவரை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். காகித ஓவியத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெளிச்சத்தை ஒரு விளக்கு வைத்துக் கொடுத்துவிடலாம், உலர்வை அப்படிக் கொடுக்க முடியாது. மூலை வீட்டில் இருப்பவர்கள் வெளிப்பக்கச் சுவரை விட்டுவிட்டு அண்டை வீட்டை ஒட்டிய சுவரைப் பயன்படுத்துங்கள். ஜொகூர் பாருவின் உயர்ந்த கொண்டோ வீடுகளில் ஈரத்தைவிட மேற்கு வெயில்தான் பெரிய எதிரி. மாலை மூன்று மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழுகிறதோ அந்தச் சுவரில் காகிதமும் வேண்டாம், துணியும் வேண்டாம்.

சுவரிலிருந்து காகிதத்துக்கு

இந்திய நாட்டுப்புற ஓவியங்களில் பெரும்பாலானவை நீடித்து நிற்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. மிதிலையின் பெண்கள் திருமணத்துக்கும் நோன்புக்கும் மண்சுவரில் எழுதினார்கள். மழை கரைத்தது, சாணம் மெழுகியது, அடுத்த விசேஷத்துக்கு மீண்டும் எழுதினார்கள். 1934இல் பீகாரைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்து உள்சுவர்கள் வெளியே தெரிந்தபோதுதான் ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சரின் கண்ணில் அவை பட்டன. 1966-67இல் அதே பகுதியைப் பஞ்சம் வாட்டியது. வருமானத்துக்கு ஒரு வழியாக இந்திய அரசின் கைவினை வாரியம் பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியரிடம் காகிதத்தைக் கொடுத்து அனுப்பியது. சுவரில் இருந்த கை காகிதத்துக்கு வந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. மகாராஷ்டிராவின் வார்லிப் பழங்குடியினரிடையே திருமணச் சுவர் எழுதுவது பெண்களின் உரிமை. அதை அன்றாடம் வரையும் கலையாக்கிக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர் ஜீவ்யா சோமா மாஷே, 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர். மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கட் கிராமத்தில் ஜன்கட் சிங் ஷியாம் என்ற இளைஞர் வீட்டுச் சுவரில் எழுதியிருந்ததைப் போபால் பாரத் பவனுக்காகக் கலைஞர்களைத் தேடிப் போனவர்கள் கண்டார்கள். இன்று கோண்டு ஓவியம் என்று நாம் வாங்குவதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஓர் இடம் இருந்தது, ஒரு வேளை இருந்தது. அந்த இடம் தெரிந்தால் நம் வீட்டில் எங்கே மாட்டுவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

மிதிலையில் கோஹ்பர் என்ற ஓவியம் மணமக்களின் அறைச் சுவருக்கு உரியது. நடுவே தாமரைத் தண்டு எழும்பி நிற்க, சுற்றிலும் தாமரை இலைகள் வட்ட வட்டமாகப் பரவும். மூங்கில், மீன், ஆமை, கிளி, சூரிய சந்திரர் என்று வளமையின் அடையாளங்கள் மொத்தமும் அதில் கூடும். புதுமணத் தம்பதிக்குப் பரிசாகவும் படுக்கையறைச் சுவருக்கும் இதைவிடப் பொருத்தமான படத்தை நான் கண்டதில்லை. அதைக் கொண்டுபோய் அலுவலக வரவேற்பறையில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் படத்துக்கும் இடத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. வார்லியில் பாலகாட் என்ற தெய்வம் சதுரத்துக்குள் நிற்கும் சௌக் சடங்குக்கு உரியது. தார்ப்பா என்ற ஊதுகருவியை வாசிப்பவரைச் சுற்றிச் சுருள் சுருளாக ஆட்கள் கைகோத்து ஆடும் காட்சியோ பொதுக் கொண்டாட்டம். சாப்பாட்டு மேசைப் பக்கமும் வாசல் பக்கமும் அதற்கு ஏற்றவை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் மலாய், சீன நண்பர்களும் விளக்கம் இல்லாமலே அதன் முன் நின்று ரசிப்பார்கள்.

பிள்ளைகள் அறைக்குக் கோண்டு ஓவியம். மான் கொம்பிலிருந்து மரம் முளைக்கும், பறவையின் வயிற்றுக்குள் இன்னொரு பறவை இருக்கும், உடல் முழுவதும் புள்ளியும் கோடுமாக நிரம்பியிருக்கும். அசல் வாங்க வசதி இல்லையென்றால் சென்னை தாரா புக்ஸ் நிறுவனத்தின் நூல்களைப் பாருங்கள். பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரும் வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கருப்புக் காகிதத்தில் கையாலேயே திரை அச்சுச் செய்யப்பட்டு, கையாலேயே தைக்கப்பட்ட நூல். பக்கங்களை வெட்டிச் சட்டம் போட்டுவிடாதீர்கள். ஒரு மரத் தாங்கியில் திறந்து வைத்து, வாரத்துக்கு ஒரு பக்கம் புரட்டுங்கள். புரட்டும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.

தஞ்சாவூர்ப் படமும் சாமி மேடைப் புகையும்

தஞ்சாவூர் ஓவியத்தை நாட்டுப்புற ஓவியம் என்று சொல்வது முழுக்கச் சரியில்லை; அரசவையிலும் கோயிலிலும் வளர்ந்த கலை அது. ஆனாலும் இந்த அத்தியாயத்தில் அதை விட்டுவிட முடியாது. ஜொகூர்த் தமிழர் வீடுகளில் வேறெந்த இந்திய ஓவியத்தையும்விட அதுவே அதிகம் இருக்கிறது, அதிகம் கெட்டுப்போவதும் அதுவே.

அது எப்படிச் செய்யப்படுகிறது என்று பாருங்கள். பலா மரப்பலகையில் செய்த காலம் போய் இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதன்மேல் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூளும் பசையும் கலந்த பூச்சை அடுக்கடுக்காகத் தடவித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். நகை, தூண், திருவாசி வரும் இடங்களை அதே மாவால் புடைப்பாக எழுப்பி, கற்களைப் பதித்து, தங்கத்தாளை ஒட்டுவார்கள். வண்ணம் கடைசியில்தான் வரும். ஆக, மரம், துணி, பசை, சுண்ணம் என்று ஈரத்தை உறிஞ்சும் நான்கு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவை ஒரே அளவில் வீங்குவதுமில்லை, சுருங்குவதுமில்லை. பலகை வளைந்தால் பூச்சு விரிகிறது.

கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தது போல மங்கல் தெரிந்தால் அது முதல் எச்சரிக்கை. அடுத்து, கிருஷ்ணனின் முகத்திலோ திரைச்சீலையின் கருநீலத்திலோ சாம்பல் நிறப் புள்ளிகள் கடுகளவில் தோன்றும். தங்கத்தாளில் தோன்றாது, பசையும் நிறமும் உள்ள இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். இந்த நிலையில் பலரும் ஈரத்துணி எடுத்துத் துடைக்கப் போவார்கள். துடைத்தால் நிறமும் சேர்ந்து வரும். படத்தை இறக்கி, சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, ஏர்கோன் ஓடும் உலர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் படுக்கவையுங்கள். புள்ளிகள் காய்ந்து தூளான பிறகு மென்மையான, உலர்ந்த தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்வது நல்லது. அதற்கு மேல் கறை இருந்தால் கை வைக்காமல் பழுதுபார்க்கத் தெரிந்த ஓவியரிடம் கொடுப்பதே மரியாதை.

பூஞ்சணத்துக்கு அடுத்த எதிரி நம் பக்தி. சாமி மேடைக்கு நேர் மேலே தஞ்சாவூர்ப் படத்தை மாட்டுவது பரவலான வழக்கம். கற்பூரக் கரியும் சாம்பிராணிப் புகையும் எண்ணெய் விளக்கின் பிசுக்கும் நாள்தோறும் அதில் படிகின்றன. வழிபாட்டுக்கு உரிய படம் வேறு, பார்த்து மகிழ வேண்டிய படம் வேறு என்று பிரித்துக்கொள்வது நல்லது. வழிபாட்டுக்கு அச்சுப் படம் போதும். குங்குமமும் சந்தனமும் அதற்கு இடலாம், பழசானால் மாற்றலாம். தங்கத்தாள் பதித்த படத்தைச் சாமி மேடையிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, பக்கச் சுவரில் மாட்டுங்கள். அதற்கும் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்று பாட்டி சொன்னால் கண்ணாடியின்மேல் வையுங்கள்.

ஒரே சுவரில் இரண்டு மூன்று தஞ்சாவூர்ப் படங்கள் வேண்டாம். ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் சுவரும் கூரையும் தூணும் சேர்ந்து மின்னுவதால்தான் அந்த அனுபவம் முழுமையாகிறது. அதற்கென்றே எழுப்பப்பட்ட இடம் அது. குடியிருக்கும் வீட்டில் பொன்னுக்குப் பக்கத்தில் வெறுமை இருந்தால்தான் பொன் தெரியும்.

இந்த ஊருக்கு ஏற்ற துணி ஓவியம்

ஜொகூர் வீட்டுக்கு ஒரே ஓர் ஓவியம் சொல்லுங்கள் என்று கேட்டால் தயங்காமல் கலம்காரி என்பேன். துணிக்குக் கண்ணாடி வேண்டியதில்லை, அதனால் ஈரம் உள்ளே சிக்குவதில்லை. காற்று வந்து போகும். சுருட்டி எடுத்து உலர்த்தலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அப்படியே மடக்கிக் கொண்டுபோகலாம். சுவரில் இரண்டே ஆணி.

ஆந்திரத்தின் ஸ்ரீகாளஹஸ்தி எழுதுகோல் கலம்காரிக்கும், மசூலிப்பட்டினம் அச்சுக்கட்டைக் கலம்காரிக்கும் பெயர்போனவை. தமிழ்நாட்டிலும் இந்தக் கலை இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரிலும், தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் நாயக்கர் காலத் தொடர்ச்சியாகக் கோயிலுக்கு எழுதுகிறார்கள். தேரில் தொங்கும் தொம்பை, விதானத்துணி, குடை, வாசல் மாலை என்று அவர்கள் செய்பவை எல்லாமே தொங்கவிடுவதற்காகவே பிறந்தவை. கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு வாசல் மாலையை வரவேற்பறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள வளைவில் கட்டினால் வீட்டின் முகமே மாறிவிடும். இரண்டு தொம்பைகளைப் படிக்கட்டுக்கு மேலுள்ள உயரமான வெற்றிடத்தில் தொங்கவிடலாம். மாடி வீடுகளில் அந்த இடத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் பலர் பெரிய சரவிளக்கு வாங்குகிறார்கள்.

நல்ல கலம்காரியைக் கையில் எடுத்தால் முதலில் வாசனை தெரியும். துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்து நனைத்து வெயிலில் காயவைப்பார்கள். அந்தத் துவர்ப்பு மணம் பல மாதங்கள் இருக்கும். கறுப்புக் கோட்டை உற்றுப் பாருங்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்த மை அது. மூங்கில் குச்சியில் கம்பளி நூலோ துணியோ சுற்றி, அதை அமுக்கி அமுக்கி எழுதுவதால் கோடு தொடங்கும் இடத்தில் தடித்து, போகப் போக மெலியும். பிறகு துணியைத் திருப்புங்கள். சாயம் மறுபக்கமும் ஊறியிருக்கும். முன்பக்கம் பளிச்சென்றும் பின்பக்கம் வெள்ளையாகவும் இருந்தால் அது இயந்திரத்தில் அச்சிட்ட துணி. அதையும் வாங்கலாம், மெத்தை உறைக்கும் திரைச்சீலைக்கும் நன்றாகவே இருக்கும். அதற்குரிய விலையில் வாங்குங்கள்.

தென்கிழக்காசியாவுக்கு இந்தத் துணி புதிதில்லை. மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகள் இந்தக் கடலில் முதன்மைச் சரக்கு. நறுமணப் பொருள்களுக்கு ஈடாக அவற்றைத்தான் கொடுத்தார்கள். சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் அந்தத் துணிகளைப் பார்க்கலாம். பாலம் தாண்டிப் போகும் ஒரு நாளில் அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால், செம்பழுப்பும் கருநீலமும் சேரும் விதம் கண்ணில் பதியும். அப்புறம் கடைக்காரர் எதைக் காட்டினாலும் உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

துணியை மாட்டும் முறை எளிது. மேல் ஓரத்தில் பின்பக்கம் ஒரு பருத்திப் பட்டையைக் குழாய் போலத் தைத்து, அதற்குள் மரக்கோலை நுழைத்து, கோலின் இரு முனைகளையும் கொக்கியில் நிறுத்துங்கள். துணியில் நேரடியாக ஆணியோ கிளிப்போ படக்கூடாது. கீழ் ஓரத்திலும் மெல்லிய கோல் ஒன்று இருந்தால் விசிறிக் காற்றில் படபடக்காது. துவைக்கவே வேண்டாம். தூசி சேர்ந்தால் வெயில் படாத இடத்தில் உதறுங்கள், போதும்.

வாங்கும் இடத்தில்

நம் ஊர்க்காரர்கள் திருச்சிக்குப் பறப்பது வழக்கம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரச் சாலைதான். குலதெய்வக் கோயிலுக்குப் போகும் பயணத்தில் அரை நாள் ஒதுக்கினால் ஓவியர் வீட்டிலேயே போய்ப் பார்த்து வாங்கலாம். சென்னையில் தமிழக அரசின் பூம்புகார் விற்பனையகமும், முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவும் நம்பிப் போகக்கூடிய இடங்கள். ஜொகூர் பாரு லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சந்தையின்போது கிடைப்பவை பெரும்பாலும் அச்சுப் படங்கள். அச்சு என்று தெரிந்து வாங்கினால் தவறில்லை. சந்தேகம் இருந்தால் கைப்பேசிக் கேமராவை முழுதாகப் பெரிதாக்கி ஒரு நிறத்தின் விளிம்பைப் பாருங்கள். நுண்புள்ளிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் அச்சு. மதுபனி என்று அழைக்கப்படும் மிதிலை ஓவியத்தில் உருவத்தைச் சுற்றி இரட்டைக்கோடு ஓடும். கையால் எழுதியதில் அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரே மாதிரி இருக்காது, குறுக்குக் கோடுகள் அங்கங்கே எல்லை தாண்டும்.

இது நூற்றைம்பது ஆண்டுப் பழைய படம் என்று யாராவது இந்தியாவில் விற்க வந்தால் நகர்ந்துவிடுங்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியத்தைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. சொன்னது பொய்யானால் பணம் போச்சு, உண்மையானால் விமான நிலையத்தில் வம்பு.

ஒடிசாவின் பட்டசித்ரா வாங்கினால் ஒரு கவனம் தேவை. புளியங்கொட்டைப் பசையும் சுண்ணத்தூளும் பூசிய துணி அது, இறுக்கிச் சுருட்டினால் வண்ணம் வெடிக்கும். அகலமான குழாயில், எழுதிய பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரித்துவிட வேண்டும். சுருட்டியபடியே அலமாரிக்கு மேல் கிடந்து வீணாகும் படங்கள் ஏராளம். கண்ணாடியின் பின்புறம் எழுதப்படும் பழைய பாணிக் கண்ணாடி ஓவியங்களை, ஏர்கோன் ஓடும் அறை இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஈரத்தில் வண்ணம் கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும்.

சட்டக் கடையில் என்ன சொல்வது

காகித ஓவியத்தின் ஆயுளைச் சட்டம் போடுபவர்தான் முடிவு செய்கிறார். ஓவியத்தைவிடச் சட்டத்துக்குச் செலவு கூடினாலும் திகைக்க வேண்டாம். ஓவியத்தைச் சுற்றியும் பின்னாலும் வரும் அட்டை ‘ஆசிட்-ஃப்ரீ’யாக இருக்க வேண்டும், சாதாரண அட்டை சில ஆண்டுகளில் காகிதத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும். கண்ணாடி ஓவியத்தைத் தொடக்கூடாது. நடுவே அட்டையாலோ ‘ஸ்பேசர்’ என்ற மெல்லிய கட்டையாலோ இடைவெளி வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் கோக்கும் நாளில் நிறம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. ஓவியத்தைப் பசை தடவி அட்டையில் முழுதாக ஒட்டிவிடுவது பல கடைகளில் வழக்கம். சுருக்கம் இல்லாமல் அழகாக இருக்கும் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மேல் ஓரத்தில் இரண்டு சிறு காகிதக் கீல்களில் தொங்கவிட்டால் போதும். லேசாக அலை அலையாக இருப்பது கையால் செய்த காகிதத்தின் இயல்பு.

சட்டத்தின் பின்பக்கம் நான்கு மூலைகளிலும் ரப்பர்க் குமிழ்களை ஒட்டச் சொல்லுங்கள். ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடும். அதே இடைவெளியில் ஒரு கைவிளக்கை அடித்துப் பார்த்தால் கரையான் மண்கோடு தெரியும். பழைய தாமான்களில் இருப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

உயரமும் வெளிச்சமும்

தோட்டத்து லயங்களில் சாமிப் படங்களை உத்தரத்துக்குக் கீழே, முன்பக்கம் சாய்த்துக் கயிற்றில் கட்டியிருப்பார்கள். தரையில் உட்கார்ந்து வணங்குபவர்களுக்கு அந்தச் சாய்வு சரியாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் எல்லாப் படங்களையும் தலைக்கு மேலே மாட்டிவிடுகிறோம். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் நின்றும் உட்கார்ந்தும் பார்க்கலாம். மதுபனியும் கோண்டும் நெருங்கிப் பார்க்க வேண்டிய ஓவியங்கள். ஒவ்வொரு செதிலும் இறகும் தனித்தனியே நிரப்பப்பட்டவை. அவற்றை எட்டடி உயரத்தில் மாட்டுவது செய்தவரின் உழைப்பை மறைப்பதாகும். சோபாவுக்கு மேலே மாட்டினால் படத்தின் அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும். சிறு படங்கள் என்றால் மூன்று நான்கை நெருக்கமாகச் சேர்த்து அந்த அகலத்தைப் பிடியுங்கள். ஏர்கோன் காற்று நேரே அடிக்கும் இடம் மட்டும் வேண்டாம்.

நீலம் கலந்த வெள்ளை விளக்கில் கலம்காரியின் செம்பழுப்பு செத்துப்போகும். 2700 அல்லது 3000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் எல்.இ.டி. விளக்கு வாங்குங்கள். வெள்ளை டைல்ஸ் தரை பளபளத்துக் கண்ணாடியில் எதிரொளிக்கும் வீடுகளில் படத்துக்கு எதிரே ஒரு பாய் விரித்தாலே பாதித் தொல்லை தீரும். மெங்குவாங் பாய் கலம்காரிக்கும் வார்லிக்கும் அருமையான துணை. சுவருக்குத் தூய வெள்ளையைவிட, சிறிது மஞ்சள் கலந்த வெள்ளை இந்த ஓவியங்களுக்கு இசைவாக இருக்கும். மலேசிய பாத்திக்கும் கலம்காரியும் ஒரே அறையில் இருக்கலாம், ஒரே சுவரில் வேண்டாம்.

கார் போர்ச்சுச் சுவரில் நாமே எழுதுவது

வாசல் சுவரில் மழைச்சாரல் அடிக்கும். அங்கே விலை கொடுத்து வாங்கிய எதையும் மாட்ட முடியாது. ஆனால் நேரடியாக எழுதலாம். குடும்பம் முழுவதும் சேர்ந்து வார்லி எழுதிப் பார்க்க இதுவே இடம். வட்டம், முக்கோணம், கோடு என்ற மூன்றில் ஆள், மாடு, வீடு, மலை எல்லாம் வந்துவிடும். ஓர் ஆளுக்கு இரண்டு முக்கோணங்கள் நுனியில் தொட்டு நிற்க வேண்டும், மேலே ஒரு வட்டம். முதலில் பழைய செய்தித்தாளில் கை பழகட்டும்.

புதிதாகப் பூசிய சுவர் என்றால் ஒரு மாதமாவது காயவிடுங்கள். அடிப்பூச்சு ஒரு முறை, காவிச் சிவப்பில் வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு முறை. வார்லி மக்கள் அரிசிமாவைக் கரைத்து எழுதுவார்கள். நம் மழையில் அது இரண்டு வாரத்தில் பூஞ்சணமாகும், எறும்பும் கரப்பானும் மொய்க்கும். அதனால் வெள்ளை அக்ரிலிக் சாயமே நல்லது. நுனியை மென்று நாராக்கிய மூங்கில் குச்சியில் எழுதினால் கோட்டுக்கு வரும் உயிர், கடையில் வாங்கிய தூரிகையில் வராது. தார்ப்பாச் சுருளைச் சுற்றி அந்த ஊர்க் காட்சியையே எழுத வேண்டும் என்பதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஆள், செம்பனைக் குலை, பங்குனி உத்திரக் காவடி என்று நம் ஊரை எழுதலாம். அப்படி எழுதினால் அதை வார்லி என்று சொல்லிக்கொள்ளாமல், வார்லி பார்த்துக் கற்று எழுதியது என்று சொல்வது நேர்மை.

வார்லி வேண்டாம் என்பவர்களுக்கு நம்முடைய கோலமே இருக்கிறது. காவிப் பட்டையும் வெள்ளைக் கோடும் நம் திண்ணைகளுக்கு உரியவை. ஒரு சிக்குக் கோலத்தை நான்கடி அகலத்தில் சுவரில் எழுதினால் தரையில் பார்த்ததற்கும் சுவரில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு வியப்பூட்டும். எழுதத் தெரிந்த அத்தையோ பாட்டியோ வீட்டில் இருந்தால் புள்ளி வைக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள்

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது படங்களை எப்படியும் இறக்குவோம். பெருமழை தொடங்குவதற்குச் சற்று முந்திய அந்த நாள்களே பரிசோதனைக்கும் ஏற்றவை. ஒவ்வொரு சட்டத்தையும் கவிழ்த்து, பின்னட்டையில் பழுப்பு வட்டம் இருக்கிறதா, காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சி ஓடுகிறதா, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த துணியால் சட்டத்தை மட்டும் துடையுங்கள். கண்ணாடிக்குத் தெளிப்பானை நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். புதுச் சாயம் முழுதாக உலர ஒரு வாரம் கொடுத்த பிறகே திரும்ப மாட்டுங்கள். அன்றே ஒவ்வொரு படத்தையும் கைப்பேசியில் எடுத்து வையுங்கள், அடுத்த ஆண்டு ஒப்பிட உதவும். சட்டத்தின் பின்பக்கம் ஒரு சிறு காகிதத்தில் ஓவியரின் பெயர், ஊர், வாங்கிய ஆண்டு, எதைப் பற்றிய படம் என்பதைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை கசியும்.